ரோஸ்விதாவின் கூரை

– கடைக் கதவையே இன்னும் முழுசாத் திறக்கல, ரோஸ்விதாம்மா. அதுக்குள்ள வந்து நிக்கிறீங்க!

– ஏழு வருஷம் கழிச்சு ஜெயிச்சிருக்கேன், கவுன்சிலரே. எட்டு மணி வரைக்கும் காத்திருக்கச் சொல்றீங்களா?

– கவுன்சிலரெல்லாம் நகர மன்றத்துல. இங்க நான் வெறும் லோரன்ஸ், வயர் விக்கிறவன். உட்காருங்க, காப்பி ஊத்தறேன்.

– நேத்து மன்றத்துல ஓட்டு ஒன்பதுக்கு எட்டு. கடைசியா எழும்பினது உங்க கை. இத்தனை வருஷமும் எதிர்த்த கை! நன்றி சொல்லாம எப்படி இருக்கறது?

– நன்றியெல்லாம் வேண்டாம்மா, உள்ளதைச் சொல்லிடறேன். நீங்க கொடுத்த கணக்கை மூணு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து புரட்டினேன். தப்பு ஒண்ணு கண்டுபிடிச்சு உங்களைச் சபையில மடக்கணும்னுதான். வீட்டுக் கூரையில சோலார் பேனல் போட்டு வர்ற கரண்டை ஊர் மின்சார ஆபீஸே வாங்கிக்கணும். யூனிட்டுக்கு ரெண்டு மார்க் பணம் கொடுத்து, இருபது வருஷத்துக்கு. அதுக்காக ஊர்ல எல்லார் பில்லுலயும் நூத்துக்கு ஒண்ணு கூடும். எங்கயாவது ஓட்டை இல்லாமலா இருக்கும்னு பார்த்தேன்.

– இருந்துச்சா?

– ஊசி நுழைய இடமில்ல! மின்சாரம் படிச்சவன் நான். நீங்க பாலர் பள்ளியில சூப் காய்ச்சறவங்க. இதையெல்லாம் எங்க போய்க் கத்துக்கிட்டீங்க?

– நாப்பது பிள்ளைங்களுக்கு அளந்து சமைக்கிறவளுக்கு யூனிட் கணக்கு ஒரு வித்தையா?

– அது மட்டுமா? சந்தையில பனி கொட்டக் கொட்ட மேசை போட்டுக் கையெழுத்து வாங்கினீங்க. நேத்து மேயர், ‘இந்தம்மா கூரைக்கு ஊரே காசு கொடுக்கணுமாம்’னாரு. மொத்த மன்றமும் சிரிச்சுது. நீங்க வாயே திறக்கல. அப்பத்தாம்மா என் கை தானா எழும்புச்சு.

– அவர் கடைசியா ஒரு கொக்கி போட்டாரே, அதைக் கவனிச்சீங்களா?

– இந்த மாசத்துக்குள்ள அஞ்சு வீட்டுக்காரங்க பேர் கொடுக்கணும், இல்லேன்னா தீர்மானம் செல்லாது. எத்தனை தேறுச்சு?

– நாலு. மருத்துவச்சி, பாதிரியார், மாவு மில்காரர், திராட்சைத் தோட்டத்து விதவை. மத்தவங்களுக்கெல்லாம் பயம்.

– அப்ப அஞ்சாவது நீங்க. முடிஞ்சுது! கூலி வாங்காம நானே வந்து மாட்டறேன். சொல்லுங்க, உங்க கூரை எந்தத் திசை பார்த்திருக்கு?

– எனக்குக் கூரை கிடையாது.

– என்னது?

– மைன் ஆத்துக்கு அக்கரையில வாடகைக்கு இருக்கேன். மூணாம் மாடி. மேல இருக்கற கூரை வீட்டுக்காரரோடது. கேட்டுப் பார்த்தேன். புறா உட்கார்ந்தாலே கம்பெடுத்துட்டு ஓடற மனுஷன்.

– அப்ப இதுல உங்களுக்கு ஒரு காசு கூட வராதா?

– எங்க வர்றது? பில்லுல நூத்துக்கு ஒண்ணு கூடுதே, அதை நானும்தான் கட்டணும்.

– கடவுளே! இதை நேத்தே எழுந்து சொல்லியிருந்தா அவர் மூஞ்சி எங்க போயிருக்கும்!

– சொல்லியிருந்தா, ‘கூரையே இல்லாதவளுக்கு இங்க என்ன வேலை’ம்பாங்க. பேராசைக்காரின்னா உட்கார வெச்சுச் சண்டை போடுவாங்க, கவுன்சிலரே. பைத்தியக்காரின்னா வெளிய அனுப்பிடுவாங்க.

– பின்ன எதுக்கும்மா இந்த ஏழு வருஷம்?

– செர்னோபில் அணு உலை வெடிச்ச வசந்தம் ஞாபகமிருக்கா? அந்த மழைக்கப்புறம் பள்ளிக்கூடத்து மணல்குழிக்குப் படுதா போட்டு மூடினோம். பாலு, கீரை எல்லாத்தையும் என் கையால கொட்டினேன். ஒரு வாண்டு வந்து, ‘மணல் என்ன தப்பு பண்ணுச்சு?’ன்னு கேட்டுச்சு. அன்னிக்கு ராத்திரியே வெயில்லேருந்து கரண்ட் எடுக்கற கணக்கைப் போட ஆரம்பிச்சேன்.

– குடிங்கம்மா. ஆறிடும்... என் மகளும் அப்ப அந்தப் பள்ளியிலதான் இருந்தா. சரி, அஞ்சாவது பேருக்கு யாரைப் பிடிக்கறது?

– மனுவை நிரப்பியே கொண்டு வந்திருக்கேன். கையெழுத்துதான் பாக்கி.

– காட்டுங்க பார்ப்போம்... ஏம்மா, இது என் வீட்டு விலாசம்!

– நல்ல தெற்கு பார்த்த கூரை.

– விளையாடாதீங்க! நேத்து கை தூக்கிட்டு இன்னிக்கு என் வீட்டுலயே மாட்டினா ஊர் சும்மா இருக்குமா? தன் பையை ரொப்பிக்கத்தான் தூக்கினான்னு பேசும்.

– என்னை ஏழு வருஷமாப் பேசுச்சு. பழகிடும்.

– உங்ககிட்ட வாய் கொடுத்து மீள முடியுமா? பேனாவைக் கொடுங்க... இருங்க, இருங்க. ‘காலையிலேருந்து சாயங்காலம் வரை நிழல் விழாது’ன்னு எழுதியிருக்கீங்க. என் வீட்டு வாசலைக் கூட நீங்க மிதிச்சதில்லையே, எப்படித் தெரியும்?

– என் சமையலறை ஜன்னல்ல வேற எதுவும் தெரியாது, கவுன்சிலரே. ஏழு வருஷமா பாத்திரம் கழுவறப்பல்லாம் நான் பார்த்துக்கிட்டு நின்னது, உங்க கூரையில வீணாப் போற வெயிலைத்தான்.