ஒரு வைரஸ், மூன்று பெயர்

ஈப்போவிலிருந்து சுங்காய் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஆபீஸ் உடுப்போடு இருவர். ஒருவர் மடியில் கம்ப்யூட்டர் டிஸ்க்குகள்.

"இருந்தது ஒரே வைரஸ், மச்சான். வைரஸ் புடிக்கிற டிஸ்க் மூணு கம்பெனியோடது போட்டுப் பார்த்தேன், மூணும் வேற வேற பேரு சொல்லுது."

"எங்க மாமாவுக்கும் அடையாள கார்டு ஐசில ஒரு பேரு, வீட்ல ஒரு பேரு, எஸ்டேட்ல ஒரு பேரு. செத்தப்ப பேப்பர்ல மூணையும் போட்டோம். இல்லாட்டி யாரு வந்திருப்பா?"

"கம்பெனிக்காரனுங்க கூடிப் பேசி ஒரே பேரா வைக்கலாம்லா. மூணு வைரஸ்னு நெனச்சு நான் மாட்டிக்கிட்டேன்."

"மேனேஜர்கிட்ட உள்ளதைச் சொல்லிடு."

"எப்படிச் சொல்றது? ரெண்டைக் கொன்னுட்டேன், ஒண்ணுதான் பாக்கின்னு நேத்தே சொல்லிட்டேன். கை குடுத்துப் பாராட்டினாரு."

மற்றவர் சிரிக்கவே இல்லை.

"அப்ப செத்த ரெண்டுக்கும் பேப்பர்ல போட்டுடு."