அளந்தால் நின்றுவிடும்

மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோடு போகும் யுத்தகாலக் கரி பஸ், பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடுவது, ஏற்றத்தில் நின்றுவிட்டது. கிளீனர் இறங்கிக் கரியடுப்பின் விசிறியைச் சுற்றிக்கொண்டிருந்தான். என் முன்சீட்டில் இருவர்; பேச்சில் ஒரே வகுப்பில் படித்த உறவுக்காரர்கள் என்று தெரிந்தது. ஒன்றிரண்டு வயது மூத்தவருக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

“ஒரே வருசத்துல அரை அடி வளந்தவன் மாப்ளே நானு.”

“நீங்க மட்டுமாங்க மச்சான்? நம்ம கிளாசே வளந்துச்சுங்களே.”

“பள்ளிக்கூடத்துக்கு டாக்டர் வந்து உசரம் பாக்கறார்னதும், அளந்தா வளத்தி நின்னுரும்னு ஊட்டுக்கு ஊடு அம்மாமாரு சொல்லி அனுப்பிச்சுப்போட்டாங்க. அத்தனை பேரும் வேட்டிக்குள்ள முட்டிய மடக்கிட்டு நின்னோம்.”

“அடுத்த வருசம் வாத்தியார் பெரம்போட பக்கத்துல நின்னுட்டாருங்க. எல்லாரும் நேரா நின்னோம். டாக்டர் அசந்துபோயி, இந்த ஊர்த் தண்ணி நல்ல தண்ணின்னு எழுதிட்டுப் போனாரு.”

இருவரும் சிரித்து ஓய்ந்தார்கள். பஸ் நகர்ந்தது.

“இன்னைக்கு எம் பையன் பள்ளிக்கூடத்துக்கும் டாக்டர் வாராருங்க.”

“நேரா நிக்கச் சொல்லிப்போட்டுத்தான வந்தே?”

இளையவர் வெளியே பார்த்தார்.

“அதைச் சொல்லத்தானுங்க அவனக் கூப்பிட்டேன். அம்மா போயி ஆறு வருசமாச்சு. வாயத் தொறந்தா அது சொன்னதுதான் வந்துச்சுங்க.”