விளிம்பில் இருந்த பெயர்

வெள்ளியைத் துலக்க எலுமிச்சை ஆகாது, இன்ஸ்பெக்டர். சாக்கட்டித் தூளும் பழைய பனியன் துணியும் போதும். எங்கள் காலாட்படைப் பிரிவின் அருங்காட்சியகத்தில் பதினொரு வருஷமாக அப்படித்தான் துலக்குகிறேன். பதக்கம், பேட்ஜ், அணிவகுப்புக்குப் போடும் ரோமத் தொப்பி எல்லாம் என் பொறுப்பு. சார்ஜன்ட் ஹாஸ்லம் என்றால் இந்த ஊரில் யாரும் வழி காட்டுவார்கள்.

பெர்சி கிளெக் புதன்கிழமைதோறும் வருவான். பஞ்சாலைக்காரன். ஓயாத இருமல். பிரான்சில் எதிரி விட்ட விஷவாயு என்பான். பஞ்சாலையில் யார்தான் இருமவில்லை?

"எங்க தலையில தொப்பிய மாட்டிக் கப்பல் ஏத்திட்டு, நீங்க இங்கயே அடுப்புகிட்ட குளிர் காஞ்சீங்க. கெட்டிக்காரரு சார்ஜன்ட் நீங்க" என்று வந்தவர்கள் முன்னால் சொல்லிச் சிரிப்பான்.

போர் நடந்த நான்கு வருஷமும் என்னைப் படைமுகாமின் கிடங்கில் வைத்தது மேலிடம். கடல் தாண்டிப் போரிட்டவனுக்குத்தான் போரின் வெள்ளிப் பதக்கம். மூன்று முறை எழுதிக் கேட்டேன். ஒரு முறைகூடப் பதில் வரவில்லை.

அக்டோபரில், ஊசி தளர்ந்துவிட்டது, தைத்துக் கொடுங்கள் என்று தன் பதக்கத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். ரிப்பனில் தேநீர்க் கறை வேறு. அவன் போனதும் விளிம்பைப் படித்தேன். அந்தப் போரின் பதக்கத்தில் வாங்கியவன் பெயர் விளிம்பில் பொறித்திருக்கும். அதில் கிளெக் இல்லை. ஜே. ஹார்டி என்று இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது என்றே எழுதிக்கொள்ளுங்கள். செத்த உறவுக்காரன் பதக்கமென்றால் மார்பில் வலப்பக்கம் குத்துவோம். சொந்தப் பதக்கம்தான் இடப்பக்கம். இவன் வருஷாவருஷம் நினைவு நாள் ஊர்வலத்தில் இடப்பக்கம் குத்திக்கொண்டு நடந்தவன். அடுத்தவன் பதக்கத்தைப் போட்டுக்கொண்டு என்னைக் கேலி செய்திருக்கிறான். பதக்கம் பொய்யென்றால் இருமலும் பொய்தானே?

அடுத்த புதன் காலை, அந்துப்பூச்சிக்காகப் பின்னறையில் கந்தகம் கொளுத்தினேன். "பெர்சி, உன் பழைய தொப்பி உள்ள இருக்கும்போல, போய்ப் பாரேன்" என்றேன்.

"நிஜமாவா சார்ஜன்ட்? தாடை வாரைப் பாருங்க, என் பல்லுத் தடம் இருக்கும். அணிவகுப்புல பசி தாங்காம கடிப்பேன்" என்று சின்னப் பிள்ளைபோல ஓடினான்.

கதவைத் தாழிட்டேன். கந்தகப் புகையை நல்ல நுரையீரல்காரன் பத்து நிமிஷம் தாங்குவான். நானே நின்றிருக்கிறேன். அது சோதனை, வேறொன்றுமில்லை. "சார்ஜன்ட், கதவு மாட்டிக்கிச்சு" என்று முதலில் மரியாதையாகத்தான் தட்டினான். அப்புறம் மரியாதை இல்லை. நான் பேட்ஜுகளைத் துலக்கிக்கொண்டிருந்தேன். தட்டுவது ஆறாவது நிமிஷம் நின்றது. சோதனையென்றால் ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதால் பத்து முடியும்வரை தாழைத் தொடவில்லை.

கையில் ஒரு தொப்பியைப் பிடித்தபடி கிடந்தான். வாரில் பல் தடம் இருந்தது. எல்லார் பல்லும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

நுரையீரல் முன்பே போரின் விஷவாயுவில் வெந்துபோனது என்று டாக்டர் எழுதினார். கதவு இறுகிக்கொண்டது என்று நான் சொன்னேன். விபத்து என்று முடித்தார்கள்.

நாலாம் நாள் அவன் மனைவி எட்னா வந்தாள். "பதக்கத்தக் குடுங்க. ஞாயித்துக்கிழமை ஊர்வலத்துல நான் வலப்பக்கம் குத்திக்கணும்."

"அதுல வேற ஆள் பேருல்ல இருக்கு?"

"அது அவருதான். பதினாறு வயசுல, அவங்கப்பா வந்து இழுத்துட்டுப் போயிடுவாருன்னு மொதப் பேரையும் மாத்தி, அம்மா வீட்டுப் பேரச் சொல்லிச் சேந்தாரு. படை முழுக்க ஹார்டின்னுதான் கூப்பிடும். உங்களுக்குத் தெரியாதா? அவருக்கு மொதத் தொப்பி குடுத்ததே நீங்கதானாமே. அத ஒரு பெருமையா சொல்லுவாரு."

தையல் முடியவில்லை என்று அவளை அனுப்பிவிட்டேன். பொய்ப் பெயர் சொல்லிப் படையில் சேர்ந்தது குற்றமில்லையா? அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அன்று மாலையே அரத்தை எடுத்து அந்தப் பெயரை ராவிவிட்டேன். மெல்லிய அரம், ஒரு கீறல்கூட இல்லை. அப்புறம் சாக்கட்டித் தூள் போட்டுத் துலக்கினேன்.

ஊர்வலத்தில் என் மார்பைப் பார்த்த எட்னா, தேநீர்க் கறையை வைத்தே அடையாளம் கண்டுவிட்டாள் என்கிறீர்கள். ஆமாம், கதவைத் தாழிட்டவன் நான்தான். அதற்குக் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் திருட்டு என்று மட்டும் எழுதாதீர்கள். இடப்பக்கம்தான் குத்தியிருந்தேன், விளிம்பைப் பாருங்கள், யார் பெயரும் இல்லை. அடுத்தவன் பதக்கத்தைப் போட்டுக்கொள்கிற ஆள் நானில்லை.