எட்டு அங்குலக் கோன்

நாலு அங்குலம் போதும் என்றுதான் கடைக்காரர் சொன்னார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். அவர் மேல் தப்பு இல்லை.

தாராவியில் ஸ்பீக்கருக்குக் கோன், அதுதான் சத்தம் எழுப்புகிற காகிதக் கூம்பு, மாட்டுகிற கலீலுல்லா அவர். என் வீட்டுக்காரர் ஏசுதாஸ், பழைய பாட்டுக் கேட்க, ஒரே கோன் வைத்த ஒற்றைப் பெட்டி செய்யச் சொல்லியிருந்தார். கோன் என்ன அளவு என்பதில்தான் பேச்சு.

"சார், நாலு இன்ச்னா ரூம்ல எங்க உக்காந்தாலும் ஒரே மாதிரி கேக்கும். எட்டு இன்ச்ல அடிச்சத்தம் நல்லா கனமா வரும். ஆனா குரலோட தெளிவு டார்ச் லைட்டு மாதிரி நேர்கோட்டுல போகும். சேரை ஒரு அடி நவுத்துனா மங்கிடும்."

"நாலு இன்ச்செல்லாம் ரிக்சாக்காரன் வைக்கது," என்றார் இவர். இருந்தாலும் யோசனை. விளையாட்டாக என் பக்கம் திரும்பினார். "ஏட்டி லூசி, நீ சொல்லு. குக்கர் விசில் எண்ணுத காதுல்லா ஒனக்கு."

"எட்டே இருக்கட்டும்," என்றேன்.

நாற்பத்தொரு வருஷத்தில் என் பேச்சை அவர் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அதற்கு முந்தின வாரம், செம்பூரில் எங்கள் கட்டடத்தைப் பார்க்க மாட்டுங்காவிலிருந்து சுப்ரமணியன் என்ற இன்ஜினியர் வந்திருந்தார். இவர் வீட்டில் இல்லை. இன்ஜினியர் கூடத்து சீலிங்கைக் கம்பால் தட்டிக்கொண்டே போனார். ஜன்னல் பக்கம் வந்ததும் சத்தம் மாறியது. எனக்கே கேட்டது.

"இங்க உள்ள பொள்ளலா இருக்கும்மா. எப்ப வேணா விழும். ரிப்பேர் ஆகற வரைக்கும் யாரும் அடியில உக்காரப்படாது. சார்கிட்ட சொல்லிடுங்கோ."

"சொல்லிடுதேன்," என்றேன். சொல்லவில்லை.

பெட்டி வந்தது. மூலையில் வைத்தோம். நாற்காலி வாசல் பக்கம் இருந்தது. தினமும் காலையில் பெருக்கும்போது பெட்டியை ஒரு விரல்கடை ஜன்னல் பக்கமாகத் திருப்பினேன். ஒரு விரல்கடைதான். சாயங்காலம் அவர் தெளிவைத் தேடி நாற்காலியை இழுத்து இழுத்துப் போடுவார்.

"கோன் இன்னும் பதமாகல, கேட்டியா. நூறு மணி நேரம் பாடினாத்தான் அடங்கும். அதுவரைக்கும் சத்தம் எடம் மாறும். ஒனக்கெங்க இதெல்லாம் வெளங்கப் போவுது."

"ஆமாங்க," என்றேன்.

பத்தொன்பது நாளில் நாற்காலி ஜன்னலுக்கு வந்துவிட்டது. பிறகு நான் பெட்டியைத் தொடவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்கள். அவர் அடித்ததில்லை, குடித்ததில்லை. பாட்டு ஓடும்போது யாராவது வாய் திறந்தால் ஒரு விரலைத் தூக்குவார். அவ்வளவுதான். எங்கள் மகள் ஷைனிக்கு மூச்சிளைப்பு. பதினாறு வயசில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் உதடு நீலம் பாரித்துவிட்டது.

"இஞ்சேருங்க, பிள்ளைக்கு முடியல. வந்து தூக்குங்க."

கண்ணைத் திறக்காமல் விரலைத் தூக்கினார். பாட்டு முடிய மூன்று நிமிஷம் இருந்தது. நான் நின்றேன். முடிந்ததும் வந்து தூக்கினார். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர். அடக்கம் முடிந்த மறுவாரம் இவர் பாட்டுக் கேட்டார்.

நேற்று சாயங்காலம் ஐந்தரை இருக்கும். நான் அடுக்களை வாசலில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பாதிப் பாட்டில் கண்ணைத் திறந்தார். அவர் காதை யாரும் குறை சொல்ல முடியாது.

"லூசி, பாட்டுல இல்லாத சத்தம் ஒண்ணு கேக்கு. பொரி பொரியுத மாதிரி. பெட்டியிலயா, மேலயா?"

மேலே பார்த்தேன். அவர் தலைக்கு நேராகக் கீறல் விரிந்துகொண்டிருந்தது. காரை பொடியாக உதிர்ந்து அவர் தோளில் விழுந்தது.

ஒரு விரலைத் தூக்கினேன்.

"அட, ஒனக்கும் ரசனை வந்துட்டே," என்று சிரித்துக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டார்.

விபத்து என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். நான் செய்ததுதான். ஷைனி விஷயத்தில் மட்டும் என் பெயரை எழுதாதீர்கள். அன்றைக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை, பாட்டு முடியும்வரை நின்றுகொண்டுதான் இருந்தேன்.