மாமியார் வந்திருக்கா

– மாமியார் வந்திருக்கான்னு நீ போன்ல சொன்னதும் வாய்விட்டுச் சிரிச்சுட்டேன்டி. பஸ்ல பக்கத்துல இருந்த பொம்பளை என்னை ஏற இறங்கப் பாத்தா. இந்தப் பேச்சைக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு!

– மெல்லப் பேசுக்கா. மருமக சமையல்கட்டுல இருக்கா.

– இருந்தா இருக்கட்டும். நம்ம பாஷையில மாமியார்னா உடம்பெல்லாம் எடுக்கற அரிப்புன்னு அவளுக்கு என்ன தெரியும்? உன்னைத்தான் சொல்றோம்னு நினைச்சுக்குவா.

– அதுவும் வம்புதானே! இந்த ரூமுக்குள்ள வந்துடு, கதவைச் சாத்திடறேன். ஐயோ, மெஷின் மேல பையை வைக்காதக்கா, குழந்தைச் சட்டை தெச்சுட்டிருக்கேன். கட்டில்ல உக்காரு.

– அட, எவ்வளவு சின்னச் சட்டை! உள்ளங்கையில அடங்கிடும் போலிருக்கே. எத்தனை மாசம் அவளுக்கு?

– ஏழு. அந்தக் குழந்தையை ஒரு தடவை தூக்கி மடியில போட்டுக்கணும்க்கா. அதுக்குத்தான் இந்த உயிரை இழுத்துப் பிடிச்சு வெச்சிருக்கேன்.

– பிடிச்சு வெச்சுக்கோ, விட்டுடாத. இது அதே மெஷின்தானே? எனக்கும், ஆபீஸ்ல டைப் அடிச்சிட்டிருந்தாளே நம்ம டைப்பு, அவளுக்கும் முழுக்கை ஜாக்கெட் தெச்சுக் கொடுத்தியே.

– அதேதான். மணிக்கட்டு வரைக்கும் இறக்கி, பட்டன் வெச்சு. வெயில் கொளுத்தும். நாம மட்டும் முழுக்கை போட்டுக்கிட்டு அந்த ஆஸ்பத்திரி பெஞ்சுல வரிசையா உக்காந்திருப்போம். ஒரு தழும்பு வெளியில தெரியாது.

– "மூணு பேரும் ஒரே ஸ்கூலா?"ன்னு கம்பவுண்டர் கேப்பாரே!

– நீ சொன்ன, "ஆமா சார், ஒரே வகுப்பு, மூணு பேரும் ஃபெயிலு"ன்னு. டைப்பு சிரிச்ச சிரிப்புல நர்ஸம்மா வெளியில வந்து அதட்டினாங்க.

– அவ சிரிப்பு அப்படி. டைப் அடிக்கற மாதிரியே விட்டு விட்டுச் சிரிப்பா. நீ முதல் நாள் வந்தது எனக்கு இப்பவும் கண்ணுல நிக்குதுடி. முகத்துல துண்டைப் போட்டுக்கிட்டு சுவரைப் பாத்து நின்ன. உக்காரவே மாட்டேன்னுட்ட.

– யாராவது பக்கத்துல உக்காந்தா நகந்துடுவாங்களேன்னு பயம்க்கா. டைப்புதான் முந்தானையால பெஞ்சைத் தட்டி, "வந்து உக்காருங்க மேடம், இங்க எல்லாரும் நகந்து வந்தவங்கதான்"னா. அன்னிக்கு உக்காந்தவதான், நாலு வருஷம் எழுந்திருக்கல.

– பச்சைக் கதவு. மேல தோல் பிரிவுன்னு எழுதியிருக்கும். எதுக்குப் போறேன்னு யாராவது கேட்டா தோலுக்குன்னு சொல்லிட்டாப் போச்சு. எச்.ஐ.வி.ன்னு வாயைத் திறந்து சொல்ற காலமா அது?

– அதுக்குத்தானே நமக்கு வர்ற ஒவ்வொரு தோல் வியாதிக்கும் ஒரு பேரு வெச்சா டைப்பு. இரு இரு, ஒண்ணு காட்டறேன். இந்த ட்ராயர்ல, ஊசிப் பெட்டிக்கு அடியில... இந்தா, பாரு.

– அடியே! அந்தச் சீட்டா? இன்னும் வெச்சிருக்கியா?

– படிக்கா. எனக்குக் கண்ணு உறுத்துது, எழுத்து மங்கலா இருக்கு.

– "நமது உறவினர்கள்." பாரேன், ஆபீஸ்ல டைப் அடிச்சிருக்கா. அவ மெஷின்ல 'ள' மட்டும் கோணலா விழும், இங்கேயும் கோணல்தான். "வளையல்: வட்டமாய்ப் படரும். மறைந்தாலும் இரண்டு வாரம் களிம்பு பூசவும்." "மாவு மில்: தலை, புருவம், மூக்கு ஓரம். செதில் உதிரும்." "மூக்குத்தி: முகத்தில் முத்து முத்தாய், நடுவில் குழி. கிள்ளக் கூடாது."

– நீ கிள்ளினதாலதான் அந்தக் கடைசி வரியைச் சேத்தா.

– சும்மா இருடி. "சம்பந்தி: உடம்பில் ஒரு பக்கம் மட்டும், எரிச்சலோடு கொப்புளம்."

– அக்கி! அதுக்கு ஏன் சம்பந்தின்னு பேரு?

– எப்பவும் ஒரு பக்கமாவே பேசுவாரே, அதனால!

– ஐயோ, சிரிக்க வைக்காதக்கா. வாய் எரியுது.

– வாயா? ஏன்?

– சூடா எதையோ குடிச்சுட்டேன் போல. நீ படி. கடைசியில மாமியார் இருப்பா பாரு.

– "மாமியார்: கை, கால் முழுவதும். அரிப்பு ஓயாது. வந்தால் போக மாட்டார்." சரி, சீட்டு இங்கேயே இருக்கட்டும். இப்ப வந்திருக்கற மாமியாரைக் காட்டு. ஜன்னல்கிட்ட வா, வெளிச்சத்துல பாக்கணும்.

– என்னமோ போ, பெரிய டாக்டராட்டம் அதிகாரம் பண்ற.

– டாக்டர் இல்லடி. புதுசா வர்றவங்களோட அதே பெஞ்சுல உக்காந்து பேசற வேலைதான், பதினஞ்சு வருஷமா. ஆனா எதைப் பாத்தா டாக்டர்கிட்ட ஓடணும்னு தெரியும். கையை நீட்டு.

– கையில ஒண்ணும் பெருசா இல்லக்கா. நெஞ்சுலயும் முதுகுலயும்தான்.

– கையில இல்லையா? மாமியார் கையிலயும் கால்லயும்தானே குடித்தனம் பண்ணுவா. கொசு கடிச்ச மாதிரி கெட்டி கெட்டியா வந்து, சொறிஞ்சு சொறிஞ்சு கறுத்துப் போகும்.

– வயசாச்சுல்ல, வீடு மாத்திட்டா போல. அந்த ரோஸ் கலர் லோஷன்தான் தடவியிருக்கேன். "குலுக்கிப் போடும்மா, குலுக்கிப் போடு"ன்னு கம்பவுண்டர் கத்துவாரே. டைப்பு பாட்டிலை விட்டுட்டு அவளே குலுங்கிக் காட்டினா, ஞாபகம் இருக்கா?

– இருக்கு. துணியை விலக்கு. இன்னும் கொஞ்சம்... அடிப்பாவி, என்ன இப்படிச் சிவந்து கிடக்கு! இது அரிக்குதா, எரியுதா? யோசிச்சுச் சொல்லு.

– அரிப்பு கம்மிதான். எரியுது. துணி பட்டாலே வலிக்குது.

– எத்தனை நாளா?

– மூணு நாளா. முந்தாநாள் நெஞ்சுல மட்டும் இருந்துது. இன்னிக்குக் கழுத்துக்கு ஏறியிருக்கு.

– நெத்தியைக் காட்டு. கொதிக்குதே! வந்ததுமே பாத்தேன், கண்ணு சிவந்திருந்துது. என்னைப் பாத்து அழுதிருப்பன்னு விட்டுட்டேன். வாயைத் திற.

– வேண்டாம்க்கா, நாறும்.

– திறடி. ...ஐயோ, என் தங்கமே! இத்தனை புண்ணை வெச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் சிரிச்ச? டாக்டர் மாத்திரை ஏதாவது மாத்தினாரா?

– ரெண்டு வாரம் ஆச்சு. பழசு முன்ன மாதிரி கேக்கலைன்னு புதுசு கொடுத்தாரு. அதான் பயந்துட்டேன். புதுசும் கேக்கல, மாமியார் திரும்பி வந்துட்டான்னு.

– இது மாமியார் இல்ல. சம்பந்தியும் இல்ல. இந்தச் சீட்டுல இருக்கற யாருமே இல்ல. புது மாத்திரை உன் உடம்புக்கு ஒத்துக்கல. கிளம்பு.

– எங்க?

– ஆஸ்பத்திரிக்கு, இப்பவே. ராத்திரி எட்டு மணி மாத்திரைக்கு முன்னாடி டாக்டர் உன்னைப் பாத்தாகணும். நிறுத்தறதா, வேற கொடுக்கறதான்னு அவர் சொல்லட்டும். நீயா எதையும் முடிவு பண்ணாத.

– படுக்க வெச்சுடுவாங்கக்கா.

– வெக்கட்டுமே.

– படுக்க வெச்சா பையன் வருவான், மருமக வருவா. என்ன வியாதின்னு நர்ஸைக் கேப்பாங்க. இருபது வருஷமா மூடி வெச்சது ஒரு மணி நேரத்துல ஊருக்கெல்லாம் தெரிஞ்சுடும். அப்புறம் அவ குழந்தையை என் கையில கொடுப்பாளா?

– தொட்டா ஒட்டாதுன்னு உனக்குத் தெரியாதா?

– எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? என் புருஷன் போனப்ப என் கூடப் பிறந்தவங்களே எனக்குன்னு ஒரு டம்ளரைத் தனியா எடுத்து வெச்சாங்க. விளிம்புல நெளிஞ்ச டம்ளர். அது இன்னும் கனவுல வருதுக்கா. இவ யாரோ பெத்த பொண்ணு, இவகிட்ட நான் எதை எதிர்பாக்கறது?

– நல்ல பொண்ணாத்தானே தெரியறா. வாசல்லயே பையை வாங்கிக்கிட்டாளே.

– உனக்குத் தெரியாது. வாய் திறந்து பேசமாட்டா, ஆனா எல்லாத்தையும் கவனிப்பா. கல்யாணத்துக்கு முன்னாடி மருந்துக்கடையில பில் போட்டவ. அந்தப் பயத்துலதான் லேபிளைக் கிழிச்சுட்டு மாத்திரையை வேற டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன். கேட்டா சத்து மாத்திரைன்னு சொல்லியிருக்கேன். இப்ப ஒரு மாசமா எட்டு மணி அடிச்சா ஒரு டம்ளர் தண்ணியைக் கொண்டுவந்து மெஷின் மேல டொக்குன்னு வைக்கறா. நான் கேக்கவே இல்ல! வேவு பாக்கறாளோன்னு, அவ போனப்புறம்தான் டப்பாவைத் திறக்கறேன்.

– சரி, உன் மருமகளை விடு. ஒண்ணு கேக்கறேன். டைப்பு எங்க போனான்னு நினைச்சிட்டிருக்க?

– அண்ணன் வீட்டோட போயிட்டான்னு நீதானே சொன்ன. எனக்கு ஒரு கடுதாசி கூடப் போடலைன்னு இன்னும் அவ மேல கோவம்தான்.

– பொய் சொன்னேன்.

– அக்கா?

– அன்னிக்கு உன் பையனுக்குப் பரீட்சை, நீ வரல. பெஞ்சுல நானும் அவளும்தான். அவளுக்கும் மாத்திரை மாத்தி ரெண்டு வாரம் ஆகியிருந்துது. "நெஞ்செல்லாம் எரியுதுடி, மாமியார் வந்துட்டா"ன்னா. நான் நிமிந்து கூடப் பாக்கல. "வந்தா லோஷன் போட்டு உக்கார வை"ன்னேன். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். கூட்டம் ஜாஸ்தியா இருந்துது. மாமியாருக்கு எதுக்கு டாக்டர்னு சொல்லிட்டு, பாக்காமலே பஸ் ஏறிட்டா. நான்தான் கையாட்டி அனுப்பினேன்.

– அப்புறம்?

– பத்து நாள் கழிச்சு அவ அண்ணன் வந்தாரு. பிரிக்காத லோஷன் பாட்டில் ரெண்டு இருந்துது, அதைத் திருப்பிக் கொடுத்தாரு. உடம்பெல்லாம் தோல் உரிஞ்சு உயிரே போயிடுச்சாம். எரியுதுன்னு அவ சொன்னாடி, அரிக்குதுன்னு சொல்லல. என் காதுல மாமியார்ங்கறது மட்டும்தான் விழுந்துது.

– ஐயோ, டைப்பு... இத்தனை வருஷம் அவளைத் திட்டிக்கிட்டே இருந்தேனே.

– உன் முகத்தைப் பாத்து எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இந்தப் பக்கமே வராம இருந்தேன். அதுக்கப்புறம்தான் அந்த வேலைக்குப் போனேன். வர்றவங்ககிட்ட முதல்ல சொல்றது இதுதான்: செல்லப் பேர் வைக்காதீங்க, சட்டையைக் கழட்டிக் காட்டுங்க. நீ போன்ல சொன்னப்ப முதல்ல சிரிச்சேன். அப்புறம் டைப்பு ஞாபகம் வந்து பாதி வழியிலேயே இறங்கிட்டேன். அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டேன்.

– அவளுக்கு ஒரு ஜாக்கெட் தெச்சு வெச்சிருக்கேன்க்கா. தழும்பெல்லாம் மறைஞ்சுட்டுது, இனிமே அரைக்கைதான் போடுவேன்னு கேட்டா. நீலக் கலர். பட்டன் கட்டறது மட்டும்தான் பாக்கி. பெட்டியில கிடக்கு.

– அதை எடுத்துக்கோ. போற வழியில ரெண்டு பேருமா அழலாம். எழுந்திரு.

– பிரசவம் முடியட்டும்க்கா. உன் காலைப் பிடிச்சுக்கறேன். ஒரே ஒரு தடவை தூக்கிக்கறேன், அப்புறம் நீ எங்க கூப்பிட்டாலும் வர்றேன்.

– ரெண்டு மாசம்டி! நீ இருந்தாத்தானே தூக்குவ?

– ஸ்... கதவைத் தட்டறா. கண்ணைத் துடைச்சுக்கோ. என்னம்மா? டீயை அங்கேயே வை, நாங்க வர்றோம்.

– டீ போடலீங்க அத்தை. வாசல்ல வண்டி நிக்குது.

– வண்டியா? பெரியம்மா இப்பத்தானே வந்தாங்க, அதுக்குள்ள எதுக்கு வண்டி?

– உங்களுக்குத்தான். மாத்துத் துணி, துண்டு, பிளாஸ்க் எல்லாம் பையில வெச்சுட்டேன். அந்த லேபிள் இல்லாத டப்பாவை மட்டும் நீங்க எடுத்துக்குங்க. டாக்டர் மாத்திரையைப் பாக்கணும்ல.

– அது... அது சத்து மாத்திரைம்மா.

– சத்து மாத்திரைக்கு யாராவது தினமும் அலாரம் வைப்பாங்களா அத்தை? லேபிளைக் கிழிச்சீங்க சரி, மாத்திரை மேல இருக்கற எழுத்தை என்ன பண்ணுவீங்க? மூணு வருஷம் பில் போட்டவ நான்.

– எப்பலேருந்து தெரியும்?

– கல்யாணமாகி நாலாம் மாசத்துலேருந்து. போன மாசம் உங்க போன் ரிப்பேராகி அலாரம் அடிக்கல. ஒரு நாள் எட்டு, ஒன்பது ஆகியும் நீங்க மெஷினை விட்டு எழுந்திருக்கல. அன்னிலேருந்துதான் தண்ணி கொண்டுவந்து சத்தமா வைக்கறேன். வேவு பாக்க இல்ல.

– தெரிஞ்சுமா என் தட்டுல கையைப் போட்டுச் சாப்பிட்ட?

– உங்க தட்டுலதானே எப்பவும் நிறைய இருக்கும்.

– என் பையனுக்கு...

– அவர்கிட்ட நான் மூச்சு விடல. சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். செருப்பு இந்தப் பக்கம் இருக்கு, குனியாதீங்க.

– ஏம்மா, நீ எவ்வளவு நேரமா கதவுக்கு வெளியில நிக்கற?

– மாமியார் வந்திருக்கான்னு சொல்லிச் சிரிச்சீங்களே பெரியம்மா, அப்பலேருந்து. என்னைப் பத்தி ஏதோ பேச்சுன்னு நினைச்சுத்தான் நின்னேன். ஆஸ்பத்திரின்னு காதுல விழுந்ததும் வண்டிக்கு போன் பண்ணிட்டு, பையை எடுத்துக்கிட்டுத் திரும்ப வந்தேன்.

– ஐயோ, அது நாங்க அந்தக் காலத்துல வெச்ச பேரும்மா. இப்ப வந்திருக்கறது மாமியாரும் இல்ல, வேற...

– வந்திருக்கறது எதுவோ, அதை டாக்டர் பாத்துக்கட்டும் பெரியம்மா. இவங்க என் மாமியார். அந்தக் கையை நீங்க பிடிங்க, இந்தக் கையை நான் பிடிச்சுக்கறேன்.