ஒரே சஹனில் நானாவும் தம்பியும்

“…ரெண்டு பேரையும் ஒரே சஹனிலதான் இருத்தப் போறன்.”

எருக்கலம்பிட்டி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கைக்காரி சொன்னாள். ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டுத்தான் சஹன். கந்தூரி விருந்துக்கு வாங்கிய புதுச் சஹன் ஒன்று அவள் மடியை அடைத்துக்கொண்டிருந்தது. ரெண்டு பேர் என்றது, அவள் நானா என்று கூப்பிடும் அண்ணனையும் தம்பியையும். மதில் கட்டப்போய் வந்த சண்டையில் மூன்று பெருநாளாகப் பேச்சில்லையாம்.

“உங்கட தம்பி எழும்பி வந்திடுவார், மதினி,” என்றாள் அவள் பக்கத்தில் இருந்த அந்தத் தம்பியின் மனைவி.

“எப்பிடி எழும்புவான்? சஹனில கை வச்சா மத்த அஞ்சு பேரும் முடிக்குமட்டும் இருக்கத்தான் வேணும்.”

“பேசாமச் சாப்பிடுவார்.”

“சாப்பிடட்டுமே. இறைச்சி நடுவிலதானே இருக்கு. நானா பிச்சு அவன்ட பக்கம் தள்ளாம இருப்பாரா? சின்னனில இருந்தே அவருக்கு அந்தக் கைப்பழக்கம்.”

“முதல்ல ரெண்டு பேரும் வரணுமே.”

அவள் போனை எடுத்தாள். “நானா, தம்பி உங்களத்தான் கேட்டவன். உங்களோட ஒரே சஹனில இருக்கணுமாம்.”

“அல்லாஹ்வே! அவர் எப்ப மதினி கேட்டவர்?” என்றாள் தம்பியின் மனைவி, போனை வைத்ததும்.

“இனிக் கேப்பான்,” என்றவள், தம்பியின் எண்ணை அழுத்தினாள்.