இரும்பு படாத காசுகள்

பழங்காசு சேர்ப்பதற்குப் பணக்காரனாக இருக்க வேண்டியதில்லை. நிறையப் பேர் இதைத் தவறாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தங்கத்தையும் வெள்ளியையும் விட்டுவிட்டுச் செம்பைப் பிடித்தால் போதும். அந்தக் காலத்திலும் ஏழைகள்தான் அதிகம், அவர்கள் கையில் புழங்கியதெல்லாம் செப்புக் காசு, அதனால் இன்றைக்கு மண்ணிலிருந்து அதிகம் கிடைப்பதும் அதுதான். ஒரு ஜோடி செருப்பு வாங்கும் விலைக்கு, எந்த ராஜா என்றே யாருக்கும் நினைவில்லாத ஒரு ராஜாவின் தலையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. பகலெல்லாம் அடுத்தவர் கண்ணுக்கு அளவெடுத்து, எறும்புத் தலையளவு திருகாணிகளை முடுக்கிக்கொண்டிருப்பவன். எனக்கென்று குடும்பம் இல்லை. கடைக்கு மேலே ஒரு அறை, இரண்டு தெரு தள்ளித் தங்கை வீடு, மூன்று வேளையும் சாப்பாடு அங்கே. வயது ஏற ஏற ஒண்டிக்கட்டைக்குக் கெட்ட பழக்கம் தொற்றாமல் இருக்க நல்ல பழக்கம் ஒன்று வேண்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

காசு விற்கிறவர் முதல் நாளே எனக்குச் சில விஷயங்களைச் சொல்லிக்கொடுத்தார். கழுவித் துடைத்த காசுக்கு விலை அதிகம், மண்ணோடு இருப்பதை வாங்கு என்றார். வாங்கியதைத் தேய்க்காதே, காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப்போடு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இரு, மண் தானாக இளகும். அப்புறம் மூங்கில் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக எடு. காசின் மேல் பச்சையாக ஏறியிருக்கும் களிம்புதான் அதன் தோல். அது போனால் மிஞ்சுவது வெறும் தகரம். இரும்பு மட்டும் பக்கத்தில் வரவே கூடாது. நான் அளவெடுத்துப் பழகியவன், சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டேன். கடை மேசைக்கு அடியில் வரிசையாகக் கிண்ணங்கள் வந்தன.

“ஊர்ல எல்லாரும் காசை பேங்க்ல போடுறாங்க. எங்கண்ணன்தான் தண்ணியில ஊறப்போடுது” என்று தங்கை வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் வீட்டுக்காரர், என் மாப்பிள்ளை, கழிவுநீர்க் குழாய் பதிக்கிறவர். பள்ளம் தோண்டுவது, குழாய் இறக்குவது, மூடுவது. ஒவ்வொரு கையும் முறம் மாதிரி இருக்கும். என்னைவிட இளையவர், என்னை விட்டுக்கொடுத்து ஒரு வார்த்தை பேசமாட்டார். என் பிறந்தநாளுக்கு ஒருமுறை எங்கிருந்தோ ஒரு செப்புக் காசு வாங்கிவந்தார். வாங்கியதோடு விடாமல் எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டு ராத்திரியெல்லாம் தேய்த்திருக்கிறார். புதுப் பாத்திரம் போல மின்னியது.

“பாருங்க மச்சான், எப்படி ஆக்கிட்டேன்னு.”

நான் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ராஜாவுக்கு மூக்கு இல்லை, எழுத்து இல்லை.

“கொன்னுட்டீங்களே மாப்பிள்ளை” என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. தங்கை அடுப்படியிலிருந்து வந்து, “ஆசையா வாங்கிட்டு வந்தவரை இப்படியா மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசுவே?” என்று கேட்டாள். அவர்தான் அவளை அடக்கினார். “மச்சான் சொல்றது சரிதான். தெரியாமப் பண்ணிட்டேன். இனிமே இந்த மாதிரி எதையும் உங்களைக் கேக்காமத் தொடமாட்டேன் மச்சான்.”

அந்த வார்த்தையை அவர் காப்பாற்றினார். பாதி கட்டிய ஒரு வீட்டுக்குப் பின்னால் பள்ளம் தோண்டியபோது, பள்ளத்துச் சுவரில் உடைந்த பானையும் அதற்குள் பச்சையாக ஒரு கட்டியும் தெரிந்திருக்கின்றன. காசுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் ஒரே கட்டியாக, இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தால் அடங்குகிற அளவு. கூட வேலை செய்தவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, அதன் மேல் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு மூடிவிட்டு, மண் காலோடு என் கடைக்கு வந்து நின்றார்.

“நான் கை வைக்கலை மச்சான். நேரா உங்ககிட்டதான் வர்றேன். வீடு கட்டுறவர்கிட்டச் சொல்லிரலாமா? அவர் தாலுகா ஆபீஸுக்குச் சொல்வாரு, அவங்க வந்து எடுத்துக்குவாங்க. உங்களுக்கு ஒண்ணு ரெண்டு கேட்டு வாங்கிக்கலாம்.”

“சொல்லலாம், சொல்லலாம். முதல்ல பத்திரமா வெளிய எடுத்துருவோம்” என்றேன்.

சொல்கிற எண்ணம் எனக்கு இல்லை. இருந்தது என்றுதான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மலிவாகச் சேர்க்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. கழித்துப் போட்டதையே பொறுக்கிப் பொறுக்கி, ஒருநாள் முழுசாக, யாரும் பிரிக்காத ஒன்று நமக்கு வரும் என்று உள்ளுக்குள் காத்துக்கொண்டே இருப்பான். உதிர்ந்த காசு எங்கேயும் கிடைக்கும். பிரியாத கட்டியை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அதற்காக வாயில் எச்சில் ஊறியது என்பதைச் சொல்ல இப்போது கூசுகிறது.

விடுமுறை நாள் மதியம் போனோம். வேலையாட்கள் யாரும் இல்லை. பள்ளம் ஆள் உயரத்துக்கு மேலே, ஏணி போட்டு இறங்க வேண்டும். கட்டி சுவரில் முழங்கால் உயரத்தில் இருந்தது. மாப்பிள்ளை தன் தொழில்படி மேலிருந்து படிப்படியாக வெட்டிக்கொண்டு வரலாம் என்றார். அதற்குக் கடப்பாரை வேண்டும், கட்டிக்குப் பக்கத்தில் குத்த வேண்டும். நான் மறுத்தேன். கட்டிக்கு அடியில் மரக்கரண்டியால் மண்ணைப் பறித்துக்கொண்டே போனால், அது தன் கனத்தில் தானாக இறங்கும். கீழே போர்வையை மடித்துப் பிடித்துக்கொள்ளலாம் என்றேன். நான் அதைச் சொன்னபோது எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது.

அவர் சுவரை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார்.

“மேல் பாதி கொண்டாந்து போட்ட மண்ணு மச்சான். அடியில பறிச்சா நிக்காது. ரெண்டு பலகை வெச்சு முட்டுக் கொடுத்துட்டு உள்ள போறேன்.”

“முட்டு எப்படிக் கொடுப்பீங்க?”

“சம்மட்டியால ரெண்டு அடி. இறுகிரும்.”

“அடிச்சா அதிரும். அதிர்ந்தா கட்டி உதிர்ந்துரும் மாப்பிள்ளை.”

அவர் என்னைப் பார்த்தார், கட்டியைப் பார்த்தார். “என் பொண்டாட்டியக்கூட நான் இவ்ளோ பதமாப் பாத்துக்கிட்டதில்ல” என்று சிரித்துவிட்டு, முட்டுக் கொடுக்காமலே படுத்து, தலையையும் தோளையும் சுவருக்கு அடியில் நுழைத்துக்கொண்டார். பள்ளத்து மண்ணோடு வாழ்கிறவர் அவர். நான் கண்ணாடிக் கடைக்காரன். அவருக்குத் தெரிந்ததை நான் வேண்டாம் என்றேன், அவர் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். எலுமிச்சம்பழத்துக் காசு அவர் நெஞ்சில் கிடந்திருக்கும்.

சுவர் விழுந்தபோது பெரிய சத்தமில்லை. கனத்த மூட்டையைத் தரையில் வைத்தது போல ஒரு சத்தம். எனக்கு முழங்கால் வரைதான் மண் வந்தது. அவர் மூடிப்போனார். நான் காலைப் பிடுங்கிக்கொண்டு கையால் தோண்டினேன். பிறகு மேலேறிக் கத்தினேன். பக்கத்துத் தெருவிலிருந்து ஆட்கள் தங்கள் மண்வெட்டிகளோடு ஓடிவந்து அவரை எடுத்தார்கள். அதற்குள் முடிந்துவிட்டிருந்தது.

சுவர் விழுந்ததிலிருந்து இதுவரை அன்றைக்கே போலீஸில் நீங்கள் எழுதிக்கொண்டதுதான். குழாயைச் சரிபார்க்க அவர் இறங்கினார், நான் துணைக்குப் போனேன் என்று மட்டும் மாற்றிச் சொல்லியிருந்தேன். என் கையைப் பார்த்துவிட்டு நீங்கள் மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை. மூன்று விரல்களில் நகம் இல்லை. ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

காசுகள் என் கடை மேசைக்கு அடியில் இருக்கின்றன. அடக்கம் முடிந்த மறுநாளே தண்ணீர் மாற்றினேன். கட்டுப்போட்ட விரலோடு கிண்ணத்தைச் சாய்க்கச் சிரமமாக இருந்தது, ஆனாலும் மாற்றினேன். ஓரத்தில் இருந்தவை தாமாகப் பிரிந்துவிட்டன. புதிதாகச் சேர்க்க ஆரம்பிக்கிறவனிடம் முதலில் வாங்கச் சொல்லுகிற ரகம்தான் அவை. எந்தக் கடையிலும் கிடைக்கும்.

இதை இப்போது வந்து சொல்வதற்குக் காரணம் என் தங்கை. என் கையால் பிசைந்து சாப்பிட முடியவில்லை என்று அவளே ஊட்டிவிடுகிறாள். புருஷனைப் பறிகொடுத்தவள் எனக்கு ஊட்டுகிறாள். துக்கம் கேட்க வருகிறவர்களிடம் என் கையைத் தூக்கிக் காட்டுகிறாள். “பாருங்க, நகமெல்லாம் போச்சு. கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் அவருக்கு.” வருகிறவர்கள் என் கையைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். வயதான ஒருவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. தூங்க முடியாத அளவுக்கு வெட்கம் என்று சொன்னால் அது பொய், தூங்கிவிடுகிறேன். விழித்ததும் அது முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நான் கையால் தோண்டியது உண்மை. ஏன் கையால் தோண்டினேன் என்று நீங்கள் கேட்கவில்லை, தங்கை கேட்கவில்லை, யாருமே கேட்கவில்லை.

மாப்பிள்ளையின் மண்வெட்டி பள்ளத்து விளிம்பில், எட்டினால் எடுக்கிற இடத்தில் இருந்தது. தினமும் தீட்டி வைத்திருப்பார். முதலில் அதைத்தான் எடுத்தேன். ஓங்கக்கூடச் செய்தேன். சரிந்த மண்ணோடு கட்டியும் இறங்கி, அவர் முதுகு இருக்க வேண்டிய இடத்துக்கு நேர் மேலே, பாதி வெளியே பச்சையாகத் தெரிந்தது. ஒரு வெட்டு விழுந்தால் அது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மண்வெட்டியைக் கீழே வைத்தேன். கட்டியைச் சுற்றி விரலால் பறித்தேன், நாலு பக்கமும், பிறகு அடியில். மூங்கில் குச்சியால் எடுக்கிற நிதானத்தில் எடுத்தேன். அது முழுசாக வந்தது. போர்வையில் சுற்றி, ஏணியில் ஏறி, மேலே நிறுத்தியிருந்த என் ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்து மூடினேன். திரும்பி வந்துதான் கத்தினேன்.

அந்த நேரமெல்லாம் அவர் உயிரோடு இருந்தார். முகத்தருகே கொஞ்சம் இடைவெளி இருந்திருக்கிறது, பேசினார்.

அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று தங்கை தினமும் கேட்கிறாள். உன் பெயரைச் சொன்னார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் அதைச் சொல்லவில்லை. நான் மண்வெட்டியைக் கீழே வைத்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். கையால் பறிப்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

“மச்சான், மண்வெட்டியாலயே அள்ளுங்க” என்றார். “என் மேல பட்டாலும் பரவால்ல. காயம்தானே, ஆறிரும். பயப்படாம அள்ளுங்க.”

“இதோ மாப்பிள்ளை, இதோ” என்று பதில் சொல்லிக்கொண்டே நான் கையால் பறித்தேன். இன்னொரு தடவையும் அதையே சொன்னார், குரல் தேய்ந்து. அவர் மேல் பட்டுவிடக் கூடாதே என்றுதான் நான் கையால் தோண்டுகிறேன் என்று நம்பிக்கொண்டே போனார்.

அவர் மேல் பட்டுவிடுமோ என்று நான் ஒரு கணமும் பயப்படவில்லை.